சின்னவன் ஒட்டிய சீட்டு

டிப்போவில் அவருக்குப் பூப்பிரேக் என்று பேர். இருபத்தாறு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறார். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைக்கூடப் பிடிக்க வேண்டியதில்லை. "எங்க அண்ணன் வண்டியில தூங்குற குழந்தை முழிச்சதா சரித்திரமே இல்ல" என்று கண்டக்டர் ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். கண் பட்டதோ என்னவோ, அந்தக் காலுக்குத்தான் கேடு வந்து சேர்ந்தது.

ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் மாத்திரையும் நடையுமாகக் கட்டுக்குள் வைத்திருந்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. ஒரு நாள் வலது செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் டிப்போ வாசல்வரைக்கும் நடந்து வந்துவிட்டார், மனிதர்! கண்டக்டர்தான் பின்னாலேயே அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். "சர்க்கரை மட்டும் காரணமில்ல. நீங்க போடுற மாத்திரையை ரொம்ப வருஷம் போட்டா சிலருக்கு வைட்டமின் பி12 குறைஞ்சிடும். உங்களுக்கு நல்லாவே குறைஞ்சிருக்கு. இதை எழுதித் தரேன், விடாம சாப்பிடுங்க. வேற சத்து மாத்திரை எது ஆரம்பிச்சாலும் டப்பாவை என்கிட்ட காட்டிட்டு ஆரம்பிங்க."

"டப்பாவையெல்லாம் எதுக்கும்மா காட்டணும்? என் தம்பியே மருந்துக்கடையில இருக்கான்" என்றார் பூப்பிரேக், நெஞ்சை நிமிர்த்தி.

தம்பி என்றால் உயிர் அவருக்கு. நாற்பது வயது ஆகியும் வீட்டில் சின்னவன்தான். அப்பா போன பிறகு இவர்தான் ஓவர்டைம் ஓட்டி அவனை மருந்தாளுநர் படிப்பு படிக்கவைத்தார். அந்த நன்றியோ என்னவோ, மாதம் பிறந்தால் சின்னவனே வீடு தேடி வந்து, டாக்டரம்மா எழுதின மாத்திரை என்று டப்பாவைக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு போவான். டப்பாவின் மேல் கடைக்காரர்கள் ஒட்டுகிற வெள்ளைச் சீட்டு. "காலை 1. சாப்பிட்ட பின்" என்று சின்னவனின் முத்து முத்தான கையெழுத்து. கண்ணாடி இல்லாமல் அண்ணனுக்குக் கிட்டத்து எழுத்து தெரியாதே என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறான் பார் என்று மனைவியிடம் காட்டிக் காட்டி மகிழ்வார்.

"பெருசாத்தான் எழுதியிருக்காரு. மாத்திரை பேரே தெரியலியே" என்றாள் மனைவி ஒரு தடவை.

"ஆமா, நீ பேரைப் படிச்சு பரிட்சை எழுதப்போறியா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டார். ஐந்தாம் மாதம் ரத்தம் பார்த்தபோது பி12 நன்றாக ஏறியிருப்பதாக ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மாவுக்குத் திருப்தி. ஆனால் கால்? கால் அந்த ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை. மரமரப்பு விரலிலிருந்து கணுக்காலுக்கு ஏறியது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று வெளியே சொல்லாமல் ஓட்டினார்.

போன வாரம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பிரேக்கில் கால் வைத்துவிட்டதாகத்தான் நினைத்தார். பாதம் பெடலின் ஓரத்தில் வழுக்கிக்கொண்டிருந்ததே தெரியவில்லை. கடைசி நொடியில் குனிந்து பார்த்து ஓங்கி மிதித்தார். முன்னால் நின்ற காருக்கும் பஸ்ஸுக்கும் ஒரு சாண் இருந்தால் அதிகம். உள்ளே ஒரு அம்மாளின் பை கவிழ்ந்து வெங்காயமெல்லாம் உருண்டது. கண்டக்டர் ஒரு வார்த்தை பேசாமல் வெங்காயம் பொறுக்கினார். அதுதான் பூப்பிரேக்குக்குத் தாங்கவில்லை. வருடாந்திர உடல்தகுதிச் சோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதற்குக் காத்திருக்காமல் அவரே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டரம்மாவிடம் போனார்.

கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அதிர்கிற இரும்புக் கவையைக் கால் விரல் எலும்பில் வைப்பது ஒரு சோதனை. அதிர்வு தெரிந்தால் சொல்ல வேண்டும். பூப்பிரேக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் காத்திருந்தார்.

"ஆரம்பிங்கம்மா, நான் ரெடி."

"வச்சு அரை நிமிஷம் ஆச்சுங்க" என்றார் டாக்டரம்மா.

ரிப்போர்ட் ஒன்று சொல்கிறது, கால் வேறொன்று சொல்கிறது. டாக்டரம்மாவுக்குப் பிடிபடவில்லை. "வீட்டுல நீங்க சாப்பிடுறது மொத்தத்தையும் இப்பவே கொண்டுவாங்க" என்றார். கூட வந்திருந்த மனைவி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்ப் பையோடு வந்தாள். டாக்டரம்மா அந்த டப்பாவை எடுத்தார், திருப்பினார், ஸ்பிரிட் பஞ்சால் வெள்ளைச் சீட்டை ஊறவைத்து நகத்தால் உரித்தார். அடியில் கொட்டை எழுத்தில் இருந்ததை நர்ஸ் வாய்விட்டுப் படித்தாள்: "முடி உதிர்வதைத் தடுக்க, நகம் வலுப்பட. பயோட்டின்."

நர்ஸின் பார்வை, பாவம், அவளையும் மீறி அவருடைய வழுக்கை மண்டைக்குப் போனது. பூப்பிரேக்கே முதலில் சிரித்துவிட்டார். "கடையில மாத்தி ஒட்டியிருப்பாங்க" என்றார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. மாதா மாதமுமா மாற்றி ஒட்டுவார்கள்? அதுவும் பேர் இருக்கிற இடம் பார்த்தா?

"இதுல பி12 துளிகூட இல்ல" என்றார் டாக்டரம்மா. "அது மட்டுமில்ல. இதை இவ்வளவு அளவுல சாப்பிட்டா சில லேப் சோதனையைக் குழப்பிடும். இல்லாத சத்தை இருக்கிறதா காட்டும். நானும் அந்த நம்பரை நம்பிட்டேன். தப்பு என் மேலயும் இருக்கு. இன்னிக்கே ஊசி ஆரம்பிக்கலாம். ஆனா எட்டு மாசம் போயிடுச்சு. நரம்பு எவ்வளவு திரும்பும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. இப்போதைக்கு நீங்க பஸ் ஓட்டக் கூடாது."

ஊசியைப் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்குப் போனார். அண்ணன் முகத்தையும் கையிலிருந்த டப்பாவையும் பார்த்ததுமே சின்னவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பின்னால் சரக்கு அறைக்குக் கூட்டிப்போனான். சுவரோரமாக அதே மாத்திரைப் பெட்டிகள் இன்னும் நாலு இருந்தன.

"ஆர்டர் போடும்போது ஒரு சைபர் கூடப் போட்டுட்டேண்ணா. முதலாளி, காலாவதியாகுறதுக்குள்ள வித்துத் தீர், இல்லாட்டி வேலையை விட்டுட்டுப் போன்னுட்டாரு. எனக்கு வேற வழி தெரியல. விஷமில்லையேண்ணா, சத்து மாத்திரைதானே. அதுவும் பி வகைதான். பி ஏழு."

"ஏழாம் நம்பர் பஸ்ஸுல ஏத்திவிட்டா பன்னெண்டாம் நம்பர் ரூட்டுல போய் இறங்க முடியுமாடா?"

டப்பாவைச் சின்னவன் முகத்துக்கு நேரே நீட்டினார் பூப்பிரேக்.

"தெரியாம கொடுத்திருந்தா மன்னிச்சிருப்பேன். பேர் மேல பார்த்துப் பார்த்து ஒட்டியிருக்கியேடா! என் பொண்டாட்டி கேட்டா. அவளை அடக்கினேன், உன்னை நம்பி. டாக்டரம்மா டப்பாவைக் காட்டச் சொன்னாங்க. உன் பேரைச் சொல்லிக் காட்டாம இருந்தேன்." சுவரோரப் பெட்டிகளைக் காட்டினார். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தப் பெட்டி அத்தனையும் நானே வாங்கிக் குப்பையில கொட்டிட்டு, எனக்கு வேண்டியதையும் தனியா வாங்கியிருப்பேனே. உனக்காக அதைச் செய்ய மாட்டேனா? என்கிட்ட கேட்க உனக்கு வாய் வரல. ஏமாத்த மட்டும் எப்படிடா கை வந்தது?"

அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அப்பா போன அன்றுகூட இப்படி அழுததில்லை.

சின்னவன் தடாலென்று தரையில் விழுந்தான். அண்ணனின் வலது பாதத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, விரல்களில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். "மன்னிச்சுடுண்ணா, மன்னிச்சுடுண்ணா" என்பதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை.

பூப்பிரேக் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். தம்பியின் விரல்கள் தோலில் பதிந்து வெளுத்திருந்தன. கண்ணீர் வழிந்து பாதம் நனைந்திருந்தது.

"விடுடா" என்றார் மெதுவாக. "நீ பிடிச்சிருக்கிறது கண்ணுக்குத்தான் தெரியுது. காலுக்குத் தெரியல."