வெளிப்பக்கம் திறக்கும் கதவு

புரட்டாசி மாதம், பயிற்சியின் இரண்டாம் நாள், காலை பதினொன்றரை மணிக்கு, வீரலட்சுமி டீச்சர் சாக்பீஸால் சுவரில் வரைந்த கதவு திறந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் முப்பத்தெட்டுப் பேருக்கு ஓவியம், நாடகம், வரலாறு மூன்றையும் ஐந்து நாளில் சொல்லிக்கொடுக்க விருதுநகரில் ஏற்பாடான பயிற்சி அது. கதவின் உயரம் ஆறடி, அகலம் இரண்டே முக்கால் அடி. அந்தப் பக்கம் வேறு உலகம் எதுவும் இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் எப்போதும் இருக்கும் கருவேலஞ்செடிகளும் ஓர் உடைந்த மேசையும் வெயிலும் இருந்தன. காற்று உள்ளே வந்து வருகைப் பதிவேட்டின் தாள்களைப் புரட்டியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான்கைந்து பேர் அந்த வழியே வெளியே போய், முன்வாசல் வழியாகச் சுற்றித் திரும்பினார்கள். பிறகு டீ வந்தது. குடித்துவிட்டு வந்து பார்த்தபோது சுவர் பழையபடி இருந்தது. கோடுகள் மட்டும் மிச்சம்.

முதல் நாள் ஒரு தவறு நடந்திருந்தது. பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து வந்த ஆர்த்தி, ஒரு வீடு வரையச் சொன்னார். முப்பத்தெட்டுப் பேரும் ஒற்றை அறையை வரைந்தார்கள், எல்லாப் பக்கமும் கதவு வைத்து. உள்ளே நான்கு ஆட்களுக்கு மேல் யாரும் போடவில்லை. பட்டாசு ஆலைகளில் வெடிமருந்து வேலை நடக்கும் மருந்து அறை அப்படித்தான் இருக்கும். நாலு பேர்தான் உட்காரலாம்; கதவுகள் தாழ்ப்பாள் இல்லாமல் வெளிப்பக்கம் திறக்கும், தீப்பிடித்தால் எந்தப் பக்கமும் ஓடலாம். பாதிப் பேரின் பெற்றோர் அந்த அறைகளில் வேலை செய்து இவர்களைப் படிக்க வைத்தவர்கள்.

"நான் வீடு கேட்டேன். இது என்ன, சுத்தியும் வாசல்?" என்றார் ஆர்த்தி.

"ஒத்தக் கதவுன்னா கையி ஓட மாட்டேங்குது மேடம்," என்றார் பயிற்சிக்கு வந்திருந்த பால்பாண்டி சார். "களவாங்க வர்றவனும் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிப்பான்ல."

எல்லோரும் சிரித்தார்கள். வீரலட்சுமி குனிந்து தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இயற்பியல் படித்தவர். படம் வராது. மறுநாள், தங்களுக்கு வேண்டிய ஒரு பொருளை அதன் உண்மையான அளவில் சுவரில் வரையச் சொன்னபோது மற்றவர்கள் பிரிட்ஜும் பைக்கும் வரைய, அவர் மீட்டர் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தார். "என்ன டீச்சர், படம் போடுதீகளா, கட்டட பிளான் போடுதீகளா?" என்றார் பால்பாண்டி. "எனக்கு அளக்கத்தான் சார் தெரியும்," என்று சொல்லிவிட்டு, சாக்பீஸ் தூளைத் தட்டுவதற்காகக் கோட்டின் மேல் கை வைத்தார். அப்போதுதான் அது திறந்தது.

அவருக்குக் கதவு வேண்டியிருந்தது இசைவாணிக்காக. ஆமத்தூர் பக்கம் அவர் வேலை பார்க்கும் பள்ளியில் இசைவாணி மூன்றாம் வகுப்பு. போன வருட தீபாவளி சீசனில், ஒரு கதவு மட்டும் திறந்திருந்த மருந்து அறை வெடித்து, உள்ளே இருந்த அவள் அம்மா வெளியே வரவில்லை. அதன் பிறகு அவள் ஒற்றைக் கதவு உள்ள எந்த அறைக்குள்ளும் போகவில்லை. வகுப்பறைக்கு வெளியே ஜன்னலடியில் உட்கார்ந்து, கம்பி வழியாகக் கரும்பலகையைப் பார்த்து எழுதினாள். கணக்கெல்லாம் சரியாக இருக்கும். வெயில் ஏறினால் நகர்ந்துகொள்வாள். ஆனால் ஐப்பசி மழைக்கு எங்கே நகர்வது?

"மழ புடிச்சா பிள்ள எங்கன உக்காரும் டீச்சர்?" என்று அவள் அப்பா முனியராஜ் பயிற்சிக்கு முந்தின வாரமே கேட்டிருந்தார். "சாத்தூருல எங்க அக்கா வீட்டுல விட்டுருதேன். படிச்ச மட்டும் போதும். ரெண்டு ஆடு கெடக்கு, பாத்துக்கிடட்டும்."

பயிற்சி முடிந்து வந்ததும் வீரலட்சுமி தன் வகுப்பறைச் சுவரில் அதே அளவில் கதவு வரைந்தார். திறக்கவில்லை. பதினோரு நாள், பதினோரு கதவு. சாக்பீஸின் நிறம், நேரம், வெயிலின் அளவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்தார். பிள்ளைகள் வரிசையாக நின்று தள்ளிப் பார்த்தார்கள். சுவர் சுவராகவே இருந்தது. பன்னிரண்டாம் நாள் முனியராஜ் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். தலைமை ஆசிரியர் சங்கரபாண்டியன் படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

வீரலட்சுமி நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினார். பயிற்சியின் மூன்றாம் நாள் ஆர்த்தி சொன்னது அவர் கையெழுத்திலேயே இருந்தது: பிள்ளைக்காக ஆசிரியர் வரையக் கூடாது, சாக்பீஸைக் கொடுத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். அவர் ஜன்னல் கம்பி வழியாக இசைவாணியிடம் சாக்பீஸை நீட்டினார்.

"என்ன டீச்சர் வரையணும்?"

"உள்ள வர ஒனக்கு எப்படி வேணுமோ, அப்படி."

"ஸ்கேலு?"

"வேண்டாம்மா."

இசைவாணி வெளிச்சுவரில் வரைந்தாள். கோடு கோணியது. உயரம் மூன்றரை அடிதான் இருக்கும். கைப்பிடி ஒரு பூசணிக்காய் அளவு. அவள் அதைப் பிடித்து இழுத்தாள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அவளை நோக்கித் திறந்தது. அவள் ஓர் அடி பின்னால் நகர வேண்டியிருந்தது. உள்ளே இருபத்து மூன்று பிள்ளைகள் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். வீரலட்சுமி சுவர் விலகிய விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். ஈரமண் போலக் குளிர்ந்திருந்தது. அவருக்கு எந்த அளவும் நினைவுக்கு வரவில்லை.

இசைவாணி உள்ளே வரவில்லை. அடுத்த சுவருக்குப் போனாள். அங்கே ஒன்று, அதற்கடுத்த சுவரில் ஒன்று. நாற்பது நிமிடம் ஆயிற்று. நான்காவது பக்கம் பழைய கதவு இருந்தது. கடைசியில் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, நடுவில் உட்கார்ந்தாள்.

முனியராஜ் மூன்று கதவையும் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"தாழ்ப்பா இல்லையே?"

"இல்ல."

"வெளிய பாத்துத் தொறக்குது. அப்ப சரி டீச்சர், இருக்கட்டும்."

"ஏய்யா, சீலு வச்சுட்டனே!" என்று சங்கரபாண்டியன் படிவத்தோடு ஓடி வந்தார். முனியராஜ் அதற்குள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஆய்வுக்கு வந்த அதிகாரி மேற்குப் பக்கமாகக் குனிந்து உள்ளே வந்தார். கதவுகள் நான்கு என்று எழுதிக்கொண்டார். மூன்று கதவுகள் பெரியவர்களுக்குத் தாழ்வு என்றும் எழுதினார். இந்தக் கதவுகள் சாயங்காலமும் மூடிக்கொள்ளவில்லை, விடுமுறையிலும் சுவராகவில்லை.

ஐப்பசி பதினொன்றாம் தேதி, பெருக்கல் நடந்துகொண்டிருக்கையில் மழை வந்தது. சாய்ந்து அடித்த மழை. வெளிச்சுவரில் சாக்பீஸ் கோடுகள் கரைந்து, பால்போல வழிந்து, மண்ணில் இறங்கின. பிள்ளைகள் எழுதுவதை நிறுத்தினார்கள். வீரலட்சுமியும் நிறுத்தினார். ஒரு கோடுகூட மிச்சமில்லை. இசைவாணி எழுந்து போனாள். நோட்டு நனைகிறது என்று மேற்குக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தாள்.