ஏரியில் மூழ்காதவள்

எங்கள் வாசகர் வட்டம் மாதந்தோறும் தேக்கா கடைத்தெருவில் ஓர் உணவகத்தின் மேல்மாடியில் கூடுகிறது. ஆண்டு விழாவில் நூலொன்றை அச்சிட்டு வெளியிடுவதும் அதன் வழக்கம். இவ்வாண்டு அந்தப் பேறு, தான்சானிய நாவல் ஒன்றை நான் தமிழாக்கியதற்குக் கிட்டுவதாக இருந்தது. விக்டோரியா ஏரிக்கரையில் ஒரு சிறுமி வளர்ந்து ஆளாகும் கதை அது. பதிப்பாளர் வேறெவரும் முன்வராத நிலையில், எனக்கிருந்த ஒரே வழி அவ்விழாவே.

கைப்பிரதியை உறுப்பினர்களுக்கு முன்னரே அனுப்பியிருந்தேன். தலைவர் திரு. ஞானசேகரன் அவர்கள், பிறர் சிரமத்தைக் குறைக்கும் நல்லெண்ணத்தோடு, கதைச்சுருக்கம் ஒன்றையும் வாட்ஸ்அப்பில் பகிர்ந்திருந்தார். அதன்பின் கைப்பிரதியைத் திறக்கும் தேவை பெரும்பாலோருக்கு ஏற்படவில்லை என்பதைக் கலந்துரையாடலின்போது அறியும் வாய்ப்புப் பெற்றேன்.

துணிக்கடை முகைதீன் தொடங்கினார். "ஆப்பிரிக்கான்னு சொல்லிட்டு ஒரு சிங்கம்கூட வரலியேம்மா? அந்தப் புள்ள பஸ்ல ஸ்கூலுக்குப் போவுது, டியூஷன் போவுது. இதுக்கு நான் தெம்பனிஸ் வீட்ல என் பேத்திய பாத்துக்கிட்டே இருந்துடுவேன்லா."

அனைவரும் சிரித்தனர். மரியாதை கருதி நானும் சிரித்தேன்.

"பஞ்சமும் இல்ல, பசியும் இல்ல. அப்புறம் இரக்கம் எப்படி வரும்?" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை பூவம்மா. "கடைசில ஏரில மூழ்கிச் சாகுறா பாருங்க, அந்த ஒரு இடம்தான் தேறுது."

"எனக்கு அழுகையே வந்துடுச்சு," என்றார் கவிஞர் நடேசன், கைக்குட்டையை எடுத்தபடி.

வங்கியில் பணியாற்றும் ரோஷினி கை உயர்த்தினாள். "சாரி அங்கிள், அவ சாகவே இல்லையே. நீந்தி அந்தப் பக்கம் போயிடுறா. அப்புறம் ரெண்டு சாப்டர் இருக்கு, காலேஜ்ல சேர்றா. யாருமே படிக்கலையா?"

நடேசன் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சிறுமி நீரில் இறங்கும் இடத்தோடு வாசிப்பை நிறுத்திய தலைவர், எஞ்சியதைச் சுருக்கத்தில் தம் அனுபவத்தால் நிரப்பியிருந்தார். ஆனால் அவர் முகத்தில் சங்கடத்தின் சாயல்கூட இல்லை.

"ஆஸ்மா, இங்க பாரும்மா. விழா மலர் அச்சுக்குப் போயிடுச்சு. 'ஏரியில் கருகிய இளமொட்டு'ன்னு நாலு பக்கம் எழுதிட்டேன். நடேசன் இரங்கற்பாவே குடுத்துட்டாரு. பேசாம அந்த ரெண்டு சாப்டர எடுத்துடு."

ஏரியில் மொட்டு எவ்வாறு கருகும் என்று கேட்பது பண்பன்று, கேட்கவில்லை.

"எழுதுனவங்க ஒத்துக்க மாட்டாங்க ஐயா."

"அந்தம்மா என்ன தமிழா படிக்கப் போவுது?"

"செத்தாத்தான்மா மனசுல நிக்கும்," என்று ஆற்றுப்படுத்தினார் பூவம்மா. "பொழச்சு, படிச்சு, வேலைக்குப் போறதெல்லாம் நம்ம வீட்லயே நடக்குதே."

நம் வீட்டுப் பெண்களுக்கு வாய்த்ததை அவளுக்கும் விட்டுவைக்கலாமே என்று ரோஷினியைத் தவிர எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

எழுந்து நின்றேன். "மன்னிச்சுக்குங்க ஐயா. அவளச் சாகடிக்க என்னால முடியாது. விழாவுல என் புத்தகம் வேணாம்."

"அப்ப என் கட்டுரைய என்னம்மா பண்றது?"

"நாவலோட பேர மட்டும் எடுத்துடுங்க ஐயா. வேற ஒண்ணும் மாத்த வேணாம். எந்தப் புத்தகத்துக்கும் அது அப்படியே பொருந்தும்."

தலைவர் முகம் மலர்ந்து, எனக்கு மனமார நன்றி கூறினார்.