டேப் ஒட்டிய லாரி

சோதனைத் தடத்தில் வந்து நின்ற புது லாரியைப் பார்த்ததும் சோதனைப் பொறியாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காற்று புகாதபடி கதவு இடுக்கெல்லாம் டேப் ஒட்டியிருந்தார்கள். டயர்களில் அளவுக்கு மீறிய காற்று. எடை குறைய வேண்டுமே, ஸ்டெப்னியையும் காணோம். மாப்பிள்ளைகூட இவ்வளவு அலங்காரம் செய்துகொள்ள மாட்டான்.

ஒரு லிட்டர் டீசலுக்கு இத்தனை கிலோமீட்டராவது ஓடாத லாரியை அடுத்த ஆண்டு முதல் விற்கவே கூடாது என்று அரசு விதி போட்டிருந்தது. என்ஜினை மாற்றுவதைவிட டேப் ஒட்டி மைலேஜைக் கூட்டிக் காட்டுவது கம்பெனிக்குச் சுலபம்.

"எல்லாரும் செய்யறதுதானே மேடம். கண்டுக்காம ஒரு கையெழுத்து போட்டுடுங்க," என்றார் கம்பெனி மேலாளர், பல்லெல்லாம் தெரிய.

அவளும் இத்தனை வருடம் கண்டும் காணாமல்தான் இருந்தாள். லாரி ஓடியது, விதி கேட்ட அளவைச் சுளுவாகத் தாண்டியது. அவள் பேனாவைத் திறந்தபோது அண்ணனின் போன் வந்தது. முப்பது வருடம் லாரி ஓட்டி அவளைப் படிக்க வைத்தவர் அவர்தான்.

"குட்டிம்மா, நீ இன்னைக்கு சோதிக்கிறேன்னு சொன்னியே, அந்த வண்டியைத்தான் வாங்கலாம்னு இருக்கேன். டீசல் போட்டே பாதி உசுரு போகுது. மைலேஜ் எப்படி?"

அவள் பேச்சை மாற்றப் பார்த்தாள். "ஷோரூம்ல விசாரிச்சியா அண்ணா?"

"அவன் சொல்றதை யார் கேட்டா? நீ கையெழுத்து போட்டா போதும், கண்ணை மூடிட்டு வாங்கிடுவேன்."

இதுவரை தன் கையெழுத்தை நம்பி வாங்கிய ஒவ்வொருவரும் யாரோ ஒருத்தியின் அண்ணன்தானே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"சாயங்காலம் சொல்றேன்," என்று போனை வைத்தவள், தன் கையாலேயே டேப்பை உரித்தாள். ஸ்டெப்னியை ஏற்றச் சொல்லி, டயர் காற்றைச் சரிசெய்து, மறுபடி ஓட விட்டாள். லாரி தோற்றது.

மேலாளரின் முகம் தொங்கிப்போனது. "வெறும் நம்பருக்காக எங்க வயித்துல அடிக்கிறீங்களே!"

"உங்களுக்கு நம்பர் சார். ரோட்டுல ஓட்டறவருக்கு அதுதான் சோறு."

சாயங்காலம் அண்ணனிடம் எதையும் மறைக்கவில்லை. "நான் முன்னாடி கையெழுத்து போட்ட வண்டிங்களையும் மறுபடி சோதிக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிட்டேன் அண்ணா."

"உன் வேலைக்கு ஆபத்து வராதா?"

"வரலாம்."

அண்ணன், "வந்தா வரட்டும் விடு. என் பழைய லாரி இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். நாம ரெண்டு பேரும் சாப்பிட அது போதும்," என்றார்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"சட்டம் போட்டா மட்டும் நல்ல வண்டி வந்துடாது அண்ணா. அளக்கிறவ பொய் சொல்லாம அளந்தாத்தான் வரும்."