அக்பிகேயின் தாய்

அரசாங்கம் நாடுகடத்திய செச்சென்காரர்களைக் காக்கசஸ் மலைகளிலிருந்து சரக்கு ரயில்களில் ஏற்றிவந்து இந்தக் கசாக் புல்வெளியில் இறக்கிய 1944 மார்ச் மாதம் அது. இஷிம் ஆற்றங்கரைக் கூட்டுப்பண்ணையில் பல்ஜானின் மண்வீட்டுக்கும் ஒருத்தியை அனுப்பினார்கள். பல்ஜானின் கணவன் போர்முனைக்குப் போயிருந்தான். அவனிடமிருந்து கடைசிக் கடிதம் வந்து எட்டு மாதமாகிவிட்டது. அதனால் அவள் வீட்டில் இடமிருக்கிறது என்று அதிகாரியே முடிவு செய்துவிட்டார்.

பக்கத்து வீட்டு குல்சின், வறட்டி கேட்கிற சாக்கில் வந்து எட்டிப்பார்த்தாள்.

"மனுஷக்கறி தின்கிறவங்களாம். கோடரியைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படு. உன்கிட்ட வெறும் எலும்புதான், இருந்தாலும் பசிச்சவ பார்ப்பாளா?"

பல்ஜான் மூன்று நாள் கோடரியோடுதான் படுத்தாள். நான்காம் நாள் காலை அந்தச் செச்சென் பெண், ஜூலாய் என்று பெயர், சைகை காட்டி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். ஆற்றில் உறைந்திருந்த பனியை உடைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். கோடரியைத் துடைத்து அடுப்போரம் சாத்தினாள். அதன்பின் அது அங்கேயே இருந்தது.

ஒரு வருடத்தில் ஜூலாய் கசாக் மொழி பேசக் கற்றுக்கொண்டாள். ரயிலில் பிரிந்துபோன தங்கை அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணையில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்று அடுத்த பனிக்காலத்தில் செய்தி வந்தது. செச்சென்காரர்கள் ஊர் எல்லையைத் தாண்டினால் சிறை. ஜூலாய் அனுமதி கேட்டாள்; அதிகாரி மறுத்துவிட்டார்.

"நான் போறேன் அக்கா. கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு."

பல்ஜான் கணவனின் ஆட்டுத்தோல் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் வாசனை மிச்சமிருந்தது அதில் மட்டும்தான். கொடுத்த கை உடனே திரும்பக் கேட்கத் துடித்தது.

ஆறாம் நாள் அதிகாரி, ஜூலாய் ஊரில்தான் இருக்கிறாள் என்பதற்குக் கையெழுத்து வாங்க வந்தார். பல்ஜான் படுக்கையில் கம்பளிகளைக் குவித்து வைத்து, ஜூலாய்க்கு விஷக்காய்ச்சல் என்றாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். நம்பாமல் குல்சினைக் கூப்பிட்டு விசாரித்தார். எல்லாம் தெரிந்த குல்சினோ, தானே தினமும் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு ஓடிவருவதாகச் சொன்னாள். ஒரு வாரத்தில் திரும்ப வருவேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அடுத்த மூன்று நாளும் பல்ஜான் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். இனி அவள் வரமாட்டாள், சிறைக்குப் போகப்போவது நான்தான் என்று ஜூலாயை வாய்விட்டே திட்டினாள்.

ஒன்பதாம் நாள் ஜூலாய் வந்தாள். இரண்டு விரல்கள் குளிரில் கருகியிருந்தன. கோட்டுக்குள்ளே நான்கு வயதுப் பெண்குழந்தை. தங்கை இறந்துபோய்விட்டாள், அவள் பிள்ளையை அனாதை விடுதிக்கு அனுப்புவதற்குள் ஜூலாய் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சொன்னபடி அதிகாரி வந்தார். குழந்தையைப் பார்த்து யாரென்று கேட்டார். ஜூலாய் வாய் திறக்குமுன் பல்ஜான் முந்திக்கொண்டாள்.

"என் மக. பேரு அக்பிகே. நாத்தனார் வீட்டுல வளர்ந்தா, அங்க சாப்பாட்டுக்குக் கஷ்டம்."

அவர் அந்தக் கசாக் பெயரை எழுதிக்கொண்டார். அன்று ஜூலாய் ரொட்டியைத் தொடவில்லை.

"உயிரைக் காப்பாத்திட்டே அக்கா. ஆனா என் தங்கச்சி பெத்தாங்கறதே இல்லாமப் போச்சே."

பன்னிரண்டு வருடம் மூவரும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள். கணவன் திரும்பவில்லை. அக்பிகே பல்ஜானை அம்மா என்றும் ஜூலாயைச் சித்தி என்றும் கூப்பிட்டாள். அவளிடம் உண்மையைச் சொல்ல இருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

1957இல் செச்சென்காரர்கள் ஊர் திரும்பலாம் என்று உத்தரவு வந்தது. ஜூலாய் மூட்டை கட்டினாள், பெண்ணைத் தன்னோடு அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததுதான் பல்ஜானைத் தூங்கவிடவில்லை. மறுநாள் அவளே ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், அக்பிகே தன் மகள் இல்லை என்று எழுதிக்கொடுத்து, பெற்றவள் பெயரைப் பதிவு செய்தாள். வீட்டுக்கு வந்து பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அக்பிகே கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் உனக்கு யாரு?"

பல்ஜானுக்கு வாய் வரவில்லை. அந்த மௌனத்தைப் பெண், யாருமில்லை என்று எடுத்துக்கொண்டாள்போலும். ஜூலாயோடு ஏறிய லாரி கிளம்பியபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இலையுதிர்காலத்தில் மலையிலிருந்து கடிதம் வந்தது. ஜூலாய் எழுதியிருந்தாள்: வீடு கிடைத்துவிட்டது, பெண் சுகம், அதிகம் பேசுவதில்லை. அக்பிகே ஒரு வரிகூட எழுதவில்லை.

"அடுத்ததுல எழுதுவா," என்றாள் குல்சின்.

பல்ஜான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பால் கறக்கப் போனாள்.