முன்னறையில் பூனை வாடை

அவளும் கணவனும் அந்த வீட்டை வாங்கியபோது நல்ல வெயில் காலம். முன்னறையில் சுவருக்குச் சுவர் தடித்த கம்பளிக் கார்ப்பெட், கால் வைத்தால் மெத்தென்று அமுங்கும். பழைய சொந்தக்காரர் ஜன்னல்களை விரியத் திறந்துவைத்து, மூலைக்கு மூலை சென்ட் அடித்துவைத்திருந்தார். தான் இரண்டு பூனை வளர்த்ததைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. முதல் மழை பெய்ததும் கார்ப்பெட்டே சொல்லிவிட்டது.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரி லேபில். பதினெட்டு வருஷமாக ரத்தமும் மூத்திரமும்தான் பிழைப்பு. "வீட்டுக்கு வந்தாலும் இதே வாடையா?" என்று சிரித்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுவாள், அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று நாத்தனார் மாமனாரை அழைத்துவந்தாள். பக்கவாதம் வந்து மாமாவுக்கு வலது கால் இழுத்துப்போயிருந்தது. அவர் தங்கியிருந்த மகள் வீடு நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. ஏழு மாசத்தில் ஆஸ்பத்திரிக்கு நாற்காலியில் தூக்கிப்போனதைத் தவிர அவர் தெருவைப் பார்க்கவில்லை. அன்றும் அப்படித்தான் தூக்கி இறக்கியிருந்தார்கள். மகனோ, அதாவது அவள் கணவன், லிப்ட் மெக்கானிக். "ஊர்ல இருக்கற லிப்டெல்லாம் என் கையில, எங்கப்பா மட்டும் மாடியில" என்று அடிக்கடி நொந்துகொள்வான். அதனால்தான் படி இல்லாத இந்த வீடு. தெருவைப் பார்த்த முன்னறை அவருக்கு என்று முடிவாகியிருந்தது.

நாத்தனார் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவள். அவளுக்குச் சம்பளமே மூக்குக்குத்தான். சோபாவில் உட்கார்ந்தவள் சட்டென்று எழுந்தாள்.

"அண்ணா, என்ன இங்க மூத்திர வாடை அடிக்குது?"

யாரும் பதில் சொல்வதற்குள் மாமாவின் கை மெல்லத் தன் பேன்டைத் தடவிப் பார்த்தது. பிறகு குனிந்தபடியே, "நான் இல்லம்மா. கிளம்பறப்பவே போய்ட்டுத்தான் வந்தேன்" என்றார்.

மருமகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஐயோ மாமா, நீங்க இல்ல. பூனை. பழைய பூனை."

அவர் தலையை ஆட்டினார். நம்பினமாதிரி தெரியவில்லை. காபி ஆறும் முன்னாலேயே, "கிளம்பலாமா?" என்று மகளைக் கேட்டார்.

வாசலில் நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. இந்த ரூம்ல விட்டா, வாடை வர்றப்பல்லாம் அப்பா தன்னைத்தான் சந்தேகப்படுவார். நான் எப்படி அனுப்புவேன்?"

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு வலித்தது. "ஒரு மாசம் குடு" என்றாள். "அப்புறம் நீயே வந்து மோந்து பாரு."

மறுநாளே வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். நீராவி மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து கார்ப்பெட் முழுக்க ஓட்டினாள். சூடு பட்டதும் தூங்கிக்கொண்டிருந்த வாடையெல்லாம் எழுந்து உட்கார்ந்தது. அடுப்படிவரை நாறியது. கணவன் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு சாப்பிட்டான். அடுத்து வினிகர். வீடு ஊறுகாய் ஜாடி போல ஆனதுதான் மிச்சம். ஊறுகாய்க்குள்ளே பூனை அப்படியே இருந்தது.

"பிச்சு எறிஞ்சுட்டுப் புதுசு போட்டுடலாமே" என்றான் அவன்.

அவளும் சரியென்று சொல்லியிருப்பாள். ஆனால் வியாழக்கிழமை லேபில் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தபோது, ஒரு நோயாளியின் மூத்திரத்தில் மஞ்சள் மஞ்சளாகப் படிகங்கள் தெரிந்தன. யூரிக் அமிலம். தண்ணீரில் லேசில் கரையாதது. காய்ந்தால் சும்மா கிடக்கும், ஈரம் பட்டால் மறுபடி வாடை கிளப்பும். அதை உடைக்க லேபில் தினமும் அவள் கையாலேயே சொட்டுவிடும் மருந்தில் இருப்பது ஒரு என்சைம். பதினெட்டு வருஷமாகச் சொட்டுவிட்டும் இது தோன்றவில்லையே என்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே வளர்ப்புப் பிராணிக் கடையில் என்சைம் திரவம் ஆறு கேன் வாங்கினாள். கூடவே, கள்ளநோட்டு பார்க்கிற ஊதா டார்ச் ஒன்று. சனிக்கிழமை பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு அறையை இருட்டாக்கி டார்ச்சை அடித்தாள். வெறும் கண்ணுக்கு மூன்று கறைதான் தெரிந்திருந்தது. இப்போது பச்சையும் மஞ்சளுமாகப் பதினொன்று பளபளத்தன. ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டம் போட்டாள்.

"போலீஸ்காரங்க பொணத்தைச் சுத்திக் கோடு போடற மாதிரி இருக்கு" என்றான் கணவன்.

வட்டத்துக்குள் தெளித்தாள். வாடை பாதியாகக் குறைந்தது. நாலு நாள் கழித்து மழை வந்ததும், போனது திரும்பி வந்தது.

அவள் பிளையரை எடுத்து, சுவரோரம் கார்ப்பெட்டின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள். கண் எரிந்தது. அடியில் விரித்த நுரைமெத்தை பழுப்பேறிக் கிடந்தது. அதற்கும் கீழே பலகையில் கறுப்புத் திட்டுகள். கணவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "விட்டுடலாம்டி. இதுக்கு முடிவே இல்ல."

"இவ்வளவு நாளும் மேல்பூச்சோட மல்லுக்கட்டினோங்க. இப்பதான் ஆளே அகப்பட்டிருக்கு. புதுக் கார்ப்பெட் போட்டிருந்தா இது மேலதான் போட்டிருப்போம்" என்றாள். அவள் குரலில் அலுப்பே இல்லாததைப் பார்த்து அவனும் எழுந்து இன்னொரு பிளையரைத் தேடினான்.

நுரைமெத்தையை வெட்டி மூட்டை கட்டி வெளியே போட்டார்கள். பழைய சொந்தக்காரர் போட்டுத் தேய்த்த சோப்பு கார்ப்பெட்டில் இன்னும் இருந்தது. அது என்சைமைக் கெடுத்துவிடும் என்பதால் வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி உறிஞ்சி எடுத்தார்கள். பிறகு என்சைமைத் தெளிக்கவில்லை, ஊற்றினாள். பூனை மூத்திரம் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் போகட்டும் என்று முன்பக்கம், பின்பக்கம், பலகை எல்லாவற்றையும் நனைத்து, காயாமலிருக்க மேலே பிளாஸ்டிக் தாளை மூடினாள். இரண்டு நாள் ஊறவைத்து, காயவைத்து, டார்ச் அடித்து, மறுபடி முதலிலிருந்து. மூன்று தடவை. வேலைவிட்டு வந்ததும் கைப்பையை வைக்காமலே மண்டியிட்டு மோப்பம் பிடிப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. பலகைக்கு வாடையை அடைக்கும் பெயின்ட் இரண்டு கோட்டிங். புது நுரைமெத்தை. கடைசியாகக் கார்ப்பெட் ஆள் வந்து, முழங்காலால் முட்டி முட்டி விறைப்பாக இழுத்துப் பொருத்தினார். "எத்தனையோ வீட்டுல இதைத் தூக்கிப் போட்டிருக்கேன். திரும்பப் போடறது இதுதான் முதல் தடவை" என்றார்.

நாத்தனார் வருவதற்கு வேண்டுமென்றே மழைநாளாகப் பார்த்துச் சொன்னாள். ஜன்னலை எல்லாம் அடைத்து, ஹீட்டரில் ஒரு பாத்திரம் வெந்நீரைக் கொதிக்கவிட்டு அறையைப் புழுங்கவைத்தாள். சென்ட் ஒரு சொட்டுக்கூட இல்லை.

நாத்தனார் செருப்பைக் கழற்றினாள். நடுவில் நின்று கண்ணை மூடினாள். அப்புறம் கூச்சமே இல்லாமல் நாலு காலில் இறங்கி, சுவரோரமாக மூக்கைத் தேய்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். கணவன் நகம் கடித்தான். அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கம்பளி" என்றாள் நாத்தனார், நிமிராமலே. "புது ரப்பர். கீழ பெயின்ட், ரொம்ப லேசா. ஜன்னல்கிட்ட ஈர மரம்." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "பூனை இல்ல அண்ணி."

"நல்லாப் பாத்தியா?"

"ஒரு கப் டீயில எந்தத் தோட்டம்னு சொல்ற மூக்கு அண்ணி இது. இல்லேன்னா இல்லதான்." அண்ணியின் தண்ணீரில் ஊறி வெந்துபோன விரல் நுனிகளைப் பிடித்துப் பார்த்தாள். "அப்பாவோட மூட்டையை இன்னைக்கே கட்டிடறேன்."

கணவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் அடுப்படிக்குப் போய்த் தனியாக ஒரு நிமிஷம் மேடையில் சாய்ந்து நின்றாள். ஏதோ பெரிய பரீட்சையில் முதல் மார்க் வாங்கினமாதிரி உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மாமா புதன்கிழமை வந்தார். கட்டில் ஜன்னலோரம் போட்டிருந்தது. வெறுங்காலை கார்ப்பெட்டில் ஊன்றி விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். வெளியே மழை விட்டிருந்தது.

"ஏம்மா, அந்த முனைக் கடையில பேப்பர் கிடைக்குமா?"

"கிடைக்கும் மாமா. வாங்கிட்டு வரட்டுமா?"

"நீ எதுக்கு? கூட மட்டும் வா" என்று கைத்தடியை எடுத்தார்.

முனைக் கடைக்கு இரண்டு நிமிஷ நடை. போய்ச் சேர இருபது நிமிஷம் ஆனது. கடைக்காரர் நீட்டிய பேப்பரை அவர் தன் கையாலேயே வாங்கி, மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.