ஜீவராஜுக்கு ஒரு பந்தி

நாகேந்திரத்தாரின் முப்பத்தொன்று நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், கனடாவிலிருந்து வந்திருந்த அவருடைய மகன் தயாபரன் என் கதிரைக்குப் பின்னால் நின்றபடி கணினித் திரையில் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டி, அதை அந்த இடத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார். அந்தப் பெயர் ஜீவராஜ். தயாபரனின் தங்கை மேனகாவின் புருஷன்.

எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு நினைவு மலரும் கொடுத்தாக வேண்டும். தேவாரம், படம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி. கொழும்பு வெள்ளவத்தையில் அச்சாகும் அந்த வரலாறுகளில் பாதி நான் எழுதுபவை. பத்திரிகைக் கந்தோரில் மற்றவர்கள் எழுதியதை வெட்டிக் கொத்தியே ஓய்வு பெற்றவன் நான். அயலவருக்கே ஆகாத மனுசரையும் இரண்டு பக்கத்தில் உத்தமராக்கிவிடுவேன். நாகேந்திரத்தார் அப்படியொன்றும் மோசமில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பெரிய கிளார்க். ஒரே ஒரு பிடிவாதம்தான். மேனகா கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடையொன்றில் நின்ற மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெடியனைக் கட்டிக்கொண்டு போனபோது, அவளுடைய பெயரையே வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். வெளிநாட்டிலிருந்த சொந்தங்களுக்கு அந்தக் கலியாணம் நடந்ததே தெரியாது.

பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. தயாபரனாலும் சிட்னியில் இருக்கும் மற்ற மகள் சுதர்சினியாலும் தொலைபேசியில் அழத்தான் முடிந்தது. மேனகா வந்தாள். ஜீவராஜும் கடையை விட்டுவிட்டு வந்தான். அவருடைய மாடிவீட்டில் ஆறு வருஷம் கிழவரைத் தூக்கியதும், குளிப்பாட்டியதும், பீ மூத்திரம் அள்ளியதும் அவன்தான். கிழவர் அவனை ஒருநாளும் மருமகன் என்று சொன்னதில்லை. ஆனால் வாய் கோணிப்போன பிறகு அவருக்கு மிஞ்சிய நாலைந்து சொற்களில் ஒன்று “ஜீவா”. மேனகா சொல்ல நான் அதை எழுதியிருந்தேன். தயாபரன் முதலில் வெட்டச் சொன்னது அந்த வரியைத்தான்.

இரண்டாவதாகத்தான் பெயர். ‘மருமக்கள்’ என்று தொடங்கும் பந்தியில், கனடாவிலிருக்கும் டொக்டர் மருமகளுக்கும் சிட்னியிலிருக்கும் எஞ்ஜினியர் மருமகனுக்கும் பக்கத்தில் நான் அவனையும் போட்டிருந்தேன். தயாபரன் கெட்டவர் மாதிரிப் பேசவில்லை. தன் மகள் தனுஷியாவுக்கு லண்டனில் ஒரு இடம் பேசி வந்திருப்பதையும், மாப்பிள்ளை பகுதியார் மலரைக் கட்டாயம் வாசிப்பார்கள் என்பதையும் மெதுவாக விளங்கப்படுத்தினார். “நான் அவரைக் குறைச்சுச் சொல்லேல்ல அண்ணை. ஆனா அந்தப் பந்திக்குள்ள அவர் வரேலாது.”

எழுத்தில் பந்தி என்றால் மூச்சு விடுகிற இடம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். அது பிள்ளைகளுக்குச் சொல்கிற கதை. பந்தி என்பது சுவர். ஒரே பந்திக்குள் நிற்கிற இருவரை வாசிக்கிறவன் தானாகவே சொந்தமாக்கிவிடுவான். நடுவில் ஒரு வெற்று வரி விழுந்தால் அவர்கள் அந்நியர். ஒரு பொய்யும் எழுதத் தேவையில்லை, ஆளை இடம் மாற்றினால் போதும். நான் ஜீவராஜின் பெயரை வெட்டி எடுத்து, கடைசிப் பக்கத்துக்குப் போய், வைத்தியருக்கும் அம்புலன்ஸ்காரருக்கும் சமையல்காரருக்கும் நன்றி சொன்ன இடத்துக்குக் கீழே என்ரர் விசையைத் தட்டினேன். ‘ஐயாவின் இறுதிக் காலத்தில் இரவு பகலாக உடனிருந்து பணிவிடை செய்த திரு. ஜீவராஜ் அவர்களின் அன்பு என்றும் மறக்கற்பாலதன்று.’ மேலும் கீழும் தாராளமாக வெற்றிடம் விட்டேன். பார்க்க மரியாதையாக இருந்தது. தயாபரன் என் தோளைத் தட்டினார். எனக்கும் அந்த வேலை பிடித்திருந்தது.

மேனகாவுக்கு அதை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே கோல் எடுத்தாள்.

“தனிய ஒரு பக்கம் நான் கேக்கேல்ல அண்ணை. மற்ற மருமக்களோட ஒரு பேர். அவ்வளவுதானே கேட்டனான்.”

பிள்ளைகள் பந்தியில் அவளுடைய பெயர் சுதர்சினியின் பெயருக்கு முன்னாலேயே நிற்கிறது என்று சொன்னேன். அவள் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, அண்ணா இருபது வருஷத்துக்குப் பிறகு தான் சமைத்ததைச் சாப்பிடுகிறார், முந்தாநாள் இடியப்பம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார் என்றாள். அதற்கும் ஜீவராஜின் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசியில் அவளே முடித்துவைத்தாள். “என்ர மனுசன் இதெல்லாம் உத்துப் பாக்கிற ஆளில்ல. பேரைக் கண்டாலே சந்தோசப்படுவார். விடுங்கோ.”

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் மலர்களைக் கொடுத்துக்கொண்டு வாசலில் நின்றது ஜீவராஜ்தான். அச்சகத்திலிருந்து பெட்டிகளை த்ரீவீலரில் ஏற்றி வந்ததும் அவன்தான். வெள்ளைச் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. என்னைக் கண்டதும் கிட்ட வந்தான்.

“எனக்குன்னு தனியா ஒரு பந்தி குடுத்திருக்கீங்க சார். மத்தவங்க எல்லாம் ஒரே பந்தியில நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்காங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அது சந்தோஷமா, செருப்படியா என்று எனக்குப் பிடிபடவில்லை. எழுத்தில் வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

சாப்பாடு முடிகிற நேரம் எனக்கு முன்னால் இரத்தினம்மா இருந்தார். நாகேந்திரத்தாரின் ஒன்றுவிட்ட தங்கை, லண்டனுக்குப் போய் முப்பது வருஷத்துக்கு மேல். நினைவு மலரை முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து ஒரு வரி விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். எழுதினால் இப்படி ஒருத்தருக்காவது எழுத வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. மேனகா பாயாசம் கொண்டுவந்தபோது, இரத்தினம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளுடைய கையைப் பிடித்தார்.

“பாவம் பிள்ளை. அப்பாவைப் பாக்கவெண்டு நீ ஒரு கலியாணம் கூடக் கட்டாமல் இருந்திட்டாய்.”

மேனகா வாயைத் திறந்தாள். அடுத்த மேசையில் தயாபரன் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணைக் காட்டவுமில்லை, தலையை ஆட்டவுமில்லை, வெறுமனே பார்த்தார். மேனகா பாயாசத்தை வார்த்தாள்.

வெறும் தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த ஜீவராஜை இரத்தினம்மா மறித்தார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, இந்த ஜீவராஜ் நீர்தானே என்று கேட்டார். அவன் ஓம் என்று தலையாட்டினான். தன்னுடைய தமையனும் பம்பலப்பிட்டியில் படுக்கையில் கிடக்கிறார் என்றும், நம்பிக்கையான ஆள் ஒருவர் அகப்படவில்லை என்றும் சொன்னார். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார்.

“இஞ்ச வேலை முடிஞ்சுதுதானே தம்பி. அங்க வந்து நிப்பீரோ?”

ஜீவராஜ் மேனகாவைப் பார்த்தான். அவள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவன் அதற்காகக் காத்து நின்றான், காத்து நிற்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி நின்றான். மேனகா சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டாள். உள்ளே தாலி கிடந்தது.

“மிஸ்ஸக் கேட்டுட்டுச் சொல்றேங்கம்மா,” என்றான், மேனகாவின் பக்கம் தலையசைத்து.

இரத்தினம்மா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஜீவராஜ் பற்றிய பந்திக்குக் கீழே நான் விட்டிருந்த வெற்றிடத்தில் தமையன் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தை எழுதினார். நன்றாகவே இடம் இருந்தது. பக்கத்தைக் கிழித்து நீட்டினார். ஜீவராஜ் கக்கத்தில் இருந்த போத்தல்களைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அதை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டான். மேனகா பாயாசச் சட்டியோடு அடுத்த மேசைக்குப் போனாள். தயாபரன் தன் கப்பை நீட்டினார்.