வலது பக்கத்து மூச்சு

ஷிராஸுக்குக் கடலில் பயம் பிடித்துவிட்டது என்ற கதை சிலாவத்துறை முழுக்கப் பரவியிருந்தது. கடலின் அடியில் கடலட்டை எடுக்க மூழ்கிச் சுழியோடுகிறவர்களில் அவனளவுக்கு மூச்சுப் பிடிக்கிறவன் அந்தக் கரையில் இல்லை. போன சீசனில் கூடச் சுழியோடிய ஒருவன் கடலுக்குள்ளேயே இறந்துபோனான். உடலை வள்ளத்தில் தூக்கிப் போட்டவன் ஷிராஸ்தான்.

ஜனாஸா அடக்கம் முடிந்து சில நாளில் அவனுக்கு வலது தோளில் பொறுக்க முடியாத வலி. ஒருவாறு அது தணிந்து மறுபடி கடலுக்குப் போனபோது, நெஞ்சளவு தண்ணீரிலேயே மூச்சு முட்டியது. தட்டுத்தடுமாறி வள்ளத்தில் ஏறினான். அடுத்தடுத்த தடவைகளிலும் அதே கதைதான்.

"விடு மச்சான், செத்தவன்ர முகம் உன்ர கண்ணுக்க நிக்குது போல," என்றான் வள்ளம் ஓட்டும் கூட்டாளி சுபாஸ்.

ஷிராஸும் அப்படித்தான் நம்பினான். தன்னை நினைக்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பள்ளிவாசலில் சுஜூதுக்கு நெற்றியைத் தரையில் வைக்கக் குனிந்தாலும் மூச்சுத் திணறியது. வயசாளிகளோடு கதிரையில் உட்கார்ந்து தொழுதான். வீட்டில் சுவரில் சாய்ந்தபடியே தூங்கினான்.

மனைவி றிஸானாதான் கேட்டாள்: "கடலுக்குத்தான் பயமெண்டா, படுக்கிற பாயில என்ன பயம்? வாங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர் டிலானி, அவனைப் படுக்க வைத்து விலாவுக்குக் கீழே ஜெல் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார்.

"மணம் பிடிக்கிற மாதிரி சட்டெண்டு மூக்கால இழுங்கோ."

திரையில், இடது பக்கத்தில் வெள்ளைக் கோடு ஒன்று விறுக்கெனக் கீழே இறங்கியது. வலது பக்கத்தில் அதே கோடு, இழுக்கும்போது எதிர்ப்புறமாக மேலே போனது.

"இதுதான் மூச்சை இழுக்கிற தசை. உங்களுக்கு வலது பக்கம் வேலை செய்யேல்லை. தோள் வலி வந்த நேரம் இதுக்குப் போற நரம்பும் பழுதாகியிருக்கும். படுத்தா, குனிஞ்சா, தண்ணிக்க இறங்கினா வயிறு மேல தள்ளும். அதைத் தாங்க இந்தப் பக்கத்துக்குப் பலம் இல்லை."

ஷிராஸ் தயங்கினான். "பயத்தால இப்பிடி வராதா டொக்டர்?"

"பயந்தா ரெண்டு பக்கமும் வேகமா ஆடும். ஒரு பக்கம் மட்டும் நிக்காது."

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பிறகு அவனே, "இவவுக்கும் ஒருக்காக் காட்டுங்கோ," என்றான். டொக்டர் திரையை றிஸானா பக்கம் திருப்பினார். அவன் மறுபடி மூக்கால் இழுத்தான். அவள் வாய்க்குள், "யா அல்லாஹ், இவ்வளவு நாளும் பாதி மூச்சிலயா?" என்றாள்.

நரம்பு தேறலாம், தேறாமலும் போகலாம், ஒன்றிரண்டு வருஷம் பிடிக்கும், அதுவரை சுழியோடவே கூடாது என்றார் டொக்டர். கரைக்கு வந்து ஷிராஸ் எல்லாவற்றையும் சொன்னபோது சுபாஸ் வள்ளத்து எஞ்சினைப் பார்த்தான். "அப்ப எஞ்சினை நீ பிடி. நான் இறங்கிறன்," என்றான்.

அடுத்த வருஷ ஸ்கேனில் வலது கோடு கொஞ்சமாகக் கீழே அசைந்தது. டொக்டர் சிரித்தார். ஆனாலும், "தண்ணிக்க இறங்கிறது இப்ப வேண்டாம்," என்றார்.

ஷிராஸ் வெளியே வந்ததும் சுபாஸுக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், இந்த சீசனும் நான்தான் ஓட்டி. வேற ஆளைப் பாக்காத."